நாள் கேட்டு வந்த கடுதாசிகள்

இந்த முறை பெட்டி நிறைஞ்சு போயித்து. கடுதாசி எண்டு வந்தது நாலஞ்சுதான், மத்ததெல்லாம் வாட்ஸ்அப் வொய்ஸ், அதுலயும் ஒரு பிள்ளை சேவல் கூவுற சத்தத்துக்குள்ள நிண்டு பேசி அனுப்பியிருக்கு, மூணு தரம் போட்டுக் கேட்டுத்தான் கேள்வி விளங்கினது. சரி, தொடங்குவம்.

அக்கா, எங்கட அப்பா போன பிறகு வாற முதல் ஆடியமாவாசை இது. ஃபோன்ல இருக்கிற பஞ்சாங்க ஆப்புல ஒரு நாள் போட்டிருக்கு, சுவர்ல தொங்குற கலண்டர்ல அதுக்கு முதல் நாள் போட்டிருக்கு. தம்பி ஆப்தான் சரி எண்டு நிக்கிறான், அம்மா கலண்டர்தான் எண்டு நிக்கிறா. எண்டைக்கு விரதம்?
வாசகி, ஆரையம்பதி

மாமாங்கத்துல, அதான் மட்டக்களப்பு அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயில்ல, எண்டைக்குத் தீர்த்தமோ அண்டைக்கு. பதில் அவ்வளவுதான் தங்கச்சி, ஆனா தம்பி விடமாட்டான் எண்டு விளங்குது, அதால காரணத்தையும் சொல்லிவிடுறன்.

திதியும் நாளும் ஒண்டில்ல. சந்திரன் சூரியன விட்டு 12 பாகை தள்ளிப்போக எடுக்கிற நேரம்தான் ஒரு திதி, சந்திரன் ஒரே வேகத்துல ஓடுறதில்ல, சில நேரம் 19, 20 மணித்தியாலத்துல திதி முடிஞ்சிடும், சில நேரம் 26 மணித்தியாலம் வரைக்கும் இழுபடும். நம்மட வசதிக்கு விடிய 6 மணிக்குத் தொடங்கி அடுத்த நாள் விடிய முடியிறதில்ல. இப்ப அமாவாசை நேத்துப் பகல் 11 மணிக்குத் தொடங்கி இண்டைக்குக் காலம 9 மணிக்கு முடியுது எண்டு வையுங்க. சூரியன் உதிக்கக்குள்ள எந்தத் திதி நிக்குதோ அதைத்தான் அந்த நாளுக்குப் போடுவன் எண்டு இருக்கிற ஆப் இண்டைக்கு அமாவாசை எண்டு காட்டும். ஆனா பிதிர்க்காரியத்துக்குப் பாக்கிறது உதயத்த இல்ல, அபராணகாலத்த. பகல அஞ்சாப் பிரிச்சா நாலாவது பங்கு அது, கிட்டத்தட்ட பகல் ஒண்டே காலுல இருந்து மூண்டரை வரைக்கும். அந்த நேரத்துல அமாவாசை நிண்டது நேத்துத்தான். அப்ப கலண்டர் போட்டது சரி, ஆப்பும் பொய் சொல்லயில்ல, அது வேற கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கு.

இதுக்கு மேல வாக்கியம், திருக்கணிதம் எண்டு ரெண்டு கணக்கு இருக்கு. வாக்கியக்காரர் சந்திரனுக்கு 248 வாக்கியத்தப் பாடமாக்கி வச்சு அந்தக் காலத்து முறையிலயே கணிக்கிறவங்க, திருக்கணிதக்காரர் வானத்துல இப்ப கிரகம் எங்க நிக்குதோ அதுக்கு ஒத்த மாதிரித் திருத்திக் கணிக்கிறவங்க, ரெண்டுக்கும் இடையில திதி மணித்தியாலக் கணக்கில முந்திப் பிந்தும். வருசப் பிறப்புக்கு ஒவ்வொரு வருசமும் ரெண்டு நேரம் பேப்பர்ல போடுறாங்களே, அதுவும் இந்தச் சண்டைதான். எது சரி எண்டு எனக்கிட்டக் கேக்காதீங்க, ரெண்டு பக்கத்துலயும் எனக்குச் சொந்தக்காரர் இருக்கிறாங்க.

அதாலதான் கோயிலப் பாருங்க எண்டுறன். அமிர்தகழியில பத்து நாள் திருவிழா நடந்து தீர்த்தத்தோட முடியிற நாள்தான் மட்டக்களப்புக்கு ஆடியமாவாசை. அண்டைக்கு அந்தக் குளத்தடியில உங்களப் போல ஆயிரக்கணக்கான சனம் தகப்பனுக்காக நிக்கும், ஐயர்மார் இருப்பாங்க, எள்ளும் தண்ணியும் இறைக்கிற இடம் இருக்கும். தெக்கால இருக்கிறவங்களுக்குத் திருக்கோயில்ல கடல் தீர்த்தம் அதே நாள்தான். ஆப் சொன்ன நாள்ல தம்பி தனியப் போனா குளத்துல தண்ணி மட்டும்தான் இருக்கும்.

ஒண்டு மட்டும், முதல் வருசம் எண்டபடியால் ஆண்டுத் திவசம் முடியாம விரதம் தொடங்கிறயா இல்லயா எண்டு உங்கட குடும்பத்து ஐயரிட்டக் கேட்டுப்போடுங்க, இது வீட்டுக்கு வீடு வழக்கம் வேற. மத்தது, படையலுக்குச் சமைக்கிற காத்தோட்டிக்காய் சந்தையில அண்டைக்கு ஆனை விலை குதிரை விலை விக்கும், முதல் நாளே வாங்கி வையுங்க.

எங்கட மகன் டொரொண்டோவுல. மாமாங்கத் தீர்த்தத்த லைவுல பாத்துக்கொண்டு அந்த நேரத்துலயே அவரும் தகப்பனுக்குப் படைக்கப்போறாராம். அங்க அது இரவெல்லோ?
ஒரு தாய், களுவாஞ்சிக்குடி

இரவுதான். ஆடி மாசத்துல டொரொண்டோ நமக்கு ஒம்பதரை மணித்தியாலம் பின்னுக்கு, இஞ்ச காலம எட்டு மணி எண்டா அங்க முதல் நாள் இரவு பத்தரை. லைவைப் பாக்கட்டும், கும்புடட்டும், அழுகை வந்தா அழட்டும், ஆனா படையல் இரவு பத்தரைக்கு வேணாம். திதி தொடங்கிறதும் முடியிறதும் உலகம் முழுக்க ஒரே கணத்துலதான், மத்தியானம்தான் ஊருக்கு ஊர் வேற. மேல சொன்ன மாதிரி இஞ்ச அமாவாசை காலம ஒம்பதுக்கு முடிஞ்சா அங்க அது முதல் நாள் இரவு பதினொண்டரை, அப்ப அவருக்கு அமாவாசை முழுக்க அந்த முதல் நாள் தேதியிலதான் கிடக்கு, அந்தப் பகல்லயே சமைச்சுப் படைச்சு காகத்துக்கும் வச்சுப்போட்டு அவர் சாப்பிட்டா காணும். நேரத்தப் பாக்காம நம்மட தேதிய அப்படியே கொண்டுபோய் அங்க ஒட்டினா சில வருசம் பிழையாப் போகும். அங்க காத்தோட்டிக்காய்க்கு எங்க போற, பாவக்காய வச்சிட்டுப் போகட்டும். பெத்த பிள்ளை கடல் தாண்டி நிண்டு நினைக்கிறதே பெரிசு எண்டு அவர் தகப்பன் இருந்தாச் சொல்லியிருப்பார்.

அட்சய திருதியைக்கு ஒரு கிராமாவது தங்கம் வாங்கத்தான் வேணுமா?
வாசகி, கல்முனை

சித்திரை வளர்பிறைத் திருதியை, நல்ல நாள்தான், ஆனா பழைய ஆக்கள் அண்டைக்குப் பெரிசாச் சொன்னது குடுக்கிறதப் பத்தி, வாங்குறதப் பத்தியில்ல. எங்கட அம்மம்மாட காதுல கழுத்துல கிடந்த நகை ஒண்டும் அட்சய திருதியையில வாங்கினதில்ல, வெள்ளாமை வெட்டி நெல்லு வித்த காசுல வாங்கினது. கையில மிச்சக் காசு இருந்தா வாங்குங்க, நகைய அடகு வச்சு நகை வாங்கப் போகாதீங்க, அப்படிச் செய்த ஒரு ஆளை எனக்குத் தெரியும், பேர் சொல்லமாட்டன், வேற ஆருமில்ல.

மகள் பிறந்தது 1999ல. சாதகம் ரெண்டு கிடக்கு, பிறந்தக்குள்ள ஊர்ச் சாத்திரியார் எழுதின ஓலைக் கொப்பி ஒண்டு, இப்ப கம்ப்யூட்டர்ல எடுத்தது ஒண்டு. ரெண்டுலயும் லக்கினம் வேற வேற. மாப்பிளை வீட்டார் சாதகம் கேக்கிறாங்க, எதைக் குடுக்கிற?
தகப்பன், கொக்கட்டிச்சோலைப் பக்கம்

அண்ணே, உங்கட கடுதாசியப் பாத்த உடன எனக்கு மண்முனைத் துறையும் அந்த ஓடமும்தான் ஞாபகம் வந்தது. இந்தக் கேள்விக்குப் பதில் சாத்திரத்துல இல்ல, மணிக்கூட்டுல இருக்கு.

இப்ப உள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது. 1996 மே மாசம் 25ஆம் தேதி, கரண்ட் மிச்சம் பிடிக்கிறதுக்கு எண்டு சொல்லி இலங்கையில மணிக்கூட்ட ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினாங்க. சனம் கத்திச்சு, ஸ்கூல் பிள்ளையள் இருட்டுக்க வெளிக்கிட்டுதுகள், அதே வருசம் ஒக்டோபர் 26ல அதில அரை மணித்தியாலத்தத் திருப்பிக் குறைச்சாங்க. மிச்ச அரை மணித்தியாலம் அப்படியே நிண்டது, 2006 ஏப்ரல் 15, சித்திரை வருசம் பிறந்த கையோடதான் பழையபடி வந்தது. அப்ப கிட்டத்தட்டப் பத்து வருசம் இந்த நாட்டு மணிக்கூடு அரை மணித்தியாலம் கூட ஓடியிருக்கு.

ஆனா வாவிக்கு மேக்கால உள்ள படுவான்கரைக்கு வாங்க. அப்ப புலிகள் இயக்கத்துட கட்டுப்பாட்டுக்குள்ள இருந்த இடத்துல இந்தப் புது நேரம் எடுபடயில்ல, அங்க பழைய நேரம்தான். கிழக்கால உள்ள எழுவான்கரையில பத்தரை, ஓடத்துல ஏறி அக்கரைக்குப் போய் இறங்கினா பத்து மணிதான். துறையில நிண்டு "புது நேரமா பழைய நேரமா" எண்டு கேக்காம ஒருத்தரும் ஒரு விசயத்துக்கும் நேரம் சொல்லமாட்டாங்க. கலியாணக் காட்டுலயே அடைப்புக்குறி போட்டு "பழைய நேரம்" எண்டு அடிச்சது கிடந்தது, அப்படி அடிக்க மறந்து போன ஒரு கலியாணத்துக்கு நானும் போயிருக்கன், மாப்பிளை பகுதி எழுவான்கரை, பொம்பிளை பகுதி படுவான்கரை, மாப்பிளை பத்துக்குப் பந்தலுக்க வந்து குந்திட்டார், பொம்பிளை வீட்டுல ஒம்பதரைதான், பொம்பிளை இன்னும் தலை இழுக்கயில்ல, மாப்பிளைட தாய்மாமன் முகத்தத் தூக்கி வச்சுக்கொண்டு இருந்தது இண்டைக்கும் கண்ணுக்குள்ள நிக்குது.

இப்ப உங்கட மகளிட கதைக்கு வருவம். கேக்கவேண்டியது ஒண்டே ஒண்டுதான், பிறந்த நேரத்த ஆர்ட மணிக்கூட்டப் பாத்து எழுதினது? டவுன் ஆசுபத்திரியில பிறந்து அங்க குறிச்சுக் குடுத்த நேரம் எண்டா அது புது நேரம், அதுல அரை மணித்தியாலத்தக் கழிச்சாத்தான் இப்ப நாம பாவிக்கிற நேரம் வரும். வீட்டுல மருத்துவிச்சி பாத்து ஊர் மணிக்கூட்டுல குறிச்சது எண்டா அது பழைய நேரம், கழிக்கத் தேவையில்ல. கம்ப்யூட்டர் சொஃப்ட்வெயார் சிலது இந்த மாத்தத்தத் தானாவே பாத்துக் கழிச்சிடும், சிலது இந்தியாவும் இலங்கையும் எப்பவும் ஒரே நேரம் எண்டு நினைச்சு விட்டிடும். இன்னொரு கூத்து, ஊர் நேரத்தக் குடுத்தா நல்ல சொஃப்ட்வெயார் ஆசுபத்திரி நேரம் எண்டு நினைச்சு அதுலயும் அரை மணித்தியாலத்தக் கழிச்சு வைக்கும்.

அரை மணித்தியாலம் பெரிய விசயமா எண்டு கேட்டா, நட்சத்திரத்துக்குப் பெரிசில்ல, ஒரு நட்சத்திரம் ஏறக்குறைய ஒரு நாள் நிக்கும், பாதம் எண்டாலும் ஆறு மணித்தியாலம் அளவு, ஓரத்துல பிறந்திருந்தாத்தான் மாறும். லக்கினம் அப்படியில்ல, ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா மாறும், அப்ப நாலு பிள்ளையில ஒரு பிள்ளைக்கு அரை மணித்தியாலத்துல லக்கினமே மாறிப்போகும். ராசிய ஒம்பதாப் பிரிச்சுப் பாக்கிற நவாம்சத்துல லக்கினம் 13 நிமிசத்துக்கு ஒருக்கா ஓடுறது, அது எல்லாருக்கும் மாறியே தீரும். கலியாணத்துக்கு நவாம்சம்தானே கிண்டிக் கிண்டிப் பாக்கிறாங்க.

அப்ப ஊர்ச் சாத்திரியார் கொப்பி எழுதக்குள்ள "புது நேரமா" எண்டு கேட்டிருப்பார், அந்தக் காலத்துல அதைக் கேக்காத சாத்திரியார் இருக்கயில்ல. கொப்பிட முதல் பக்கத்தப் பாருங்க, "ப.நே." எண்டோ வேற ஏதும் குறிப்போ மூலையில கிடக்கலாம். இருந்தா அந்தக் கொப்பியக் குடுங்க. இல்லாட்டி மகளிட தாயிட்டக் கேளுங்க, பிள்ளை பிறந்த நேரத்துல வெளியில வெளிச்சமா இருட்டா, பள்ளிவாசல்ல பாங்கு கேட்டதா, கோயில் மணி அடிச்சதா, தாய்மார் அதை மறக்கமாட்டாங்க.

1996 மே தொடக்கம் 2006 ஏப்ரல் வரைக்கும் பிறந்த பிள்ளையள் எல்லாருக்கும் இது பொருந்தும் (1996 மே கடைசியில இருந்து ஒக்டோபர் 26 வரைக்கும் பிறந்ததுகளுக்கு அரைக்குப் பதிலா ஒரு மணித்தியாலம்), அவங்களெல்லாம் இப்ப கலியாண வயசுல நிக்கிறாங்க. சாதகம் பொருந்தல எண்டு போன சம்பந்தத்துல எத்தின இந்த அரை மணித்தியாலத்தால போனதோ.

கண்ணகை அம்மன் கோயில் வைகாசிக் குளிர்த்திச் சடங்குக்கு ஊருக்கு வாறதுக்கு 2025ல வெசாக் லீவோட சேத்து லீவு போட்டன், வந்து பாத்தா சடங்கு தொடங்கவே இல்ல. அதுக்கு முதல் வருசம் சரியா வந்ததே, அதெப்படி?
கொழும்புல வேலை செய்யிற காரைதீவுப் பொடியன்

தம்பி, அரசாங்கத்துட பூரணைப் போயா லீவுக்கும் அம்மாளுட வைகாசிக்கும் ஒப்பந்தம் ஒண்டுமில்ல. வெசாக் சந்திரனப் பாத்து வாறது, நம்மட வைகாசி மாசம் சூரியனப் பாத்து வாறது, மே நடுவுல சூரியன் இடப ராசிக்குப் போனாத்தான் வைகாசி பிறக்கும். 2024ல வெசாக் மே 23, வைகாசி பிறந்து ஒரு கிழமைக்கு மேல, அதால ரெண்டும் ஒண்டா வந்தது. 2025ல வெசாக் மே 12, அப்ப நமக்கு இன்னும் சித்திரை மாசம் முடியல, அது சித்திராப் பூரணை. வைகாசிப் பூரணை ஜூன் 10ஐ அண்டித்தான் வந்தது, சிங்கள ஆக்களுக்கு அது பொசன். ஒரு சுகமான கணக்கு சொல்றன், மே 14க்கு முதல் வெசாக் வந்தா குளிர்த்தி அதுக்கு அடுத்த போயாவோடதான் எண்டு நினைச்சுக்கொண்டு லீவு போடுங்க. போட முதல் ஊருக்கு ஒரு கோல் எடுங்க, ஏனெண்டா கதவு திறக்கிற நாளும் குளிர்த்தி நாளும் கோயில்ல கூடித்தான் தீர்மானிப்பாங்க, எந்தக் கலண்டரும் அதைச் சரியாப் போடாது.

சித்திராப் பூரணையில வந்து ஊர்ல சும்மா நிண்டிருக்கமாட்டீங்க எண்டு நினைக்கிறன், தாய் இல்லாத ஆக்கள் விரதம் பிடிக்கிற நாள் அது. ஆடியமாவாசை தகப்பனுக்கு, சித்திராப் பூரணை தாய்க்கு, நம்மட பக்கத்துல அது பிசகாது.

வெளியூர் ஆக்கள் கேப்பாங்க, உதென்ன குளிர்த்தி எண்டு. காரைதீவு, தம்பிலுவில், செட்டிபாளையம், வந்தாறுமூலை எண்டு எழுவான்கரை நெடுக கண்ணகை அம்மன் இருக்கிறா, பல இடத்துல வருசத்துல ஒருக்காத்தான் பெருங்கதவு திறக்கிறது. ஐயர் இல்ல, கப்புகனார், கட்டாடியார்தான் பூசை. வழக்குரை படிக்கிறது, கல்யாணக்கால் நடுறது, ஊர்சுத்திக் காவியம், கடைசி இரவு மதுரைய எரிச்சுப்போட்டு கொதிச்சுக்கொண்டு நிக்கிற அம்மாளக் குளிரப்பண்ண குளிர்த்தி பாடுறது. அந்தப் பாட்டுக் கேக்கக்குள்ள வைகாசி வெக்கையில மெய்யாகவே ஒரு காத்து வரும், வந்ததா வரலையா எண்டு அடுத்த நாள் தேத்தண்ணிக் கடையில கதைக்கிறது தனிக் கதை. பாண்டிருப்புல திரௌபதை அம்மனுக்குப் புரட்டாசியில தீமிதிப்புச் சடங்கு, பாரதப்போர் 18 நாள் எண்டபடியால் சடங்கும் 18 நாள். இதுகளெல்லாம் சென்னையில அடிக்கிற தினசரிக் கலண்டர்ல ஒரு மூலையிலயும் இருக்காது, அந்தக் கலண்டர் சுவர்ல தொங்கட்டும், ராசிபலன் வாசிக்க நல்லம்.

தை 1, 2, 3 கரிநாள் எண்டு பஞ்சாங்கத்துல கிடக்கு. பொங்கல் அண்டைக்கே கரிநாளா?
மாணவி, அக்கரைப்பற்று

ஓம், மூணும் கரிநாள்தான், அதோட தை 11, 17ம். கரிநாள் எண்டது திதி நட்சத்திரம் ஒண்டும் பாக்காம தமிழ் மாசத் தேதிய வச்சுக் கட்டின ஒதுக்கு, கலியாணம், குடிபூரல், கடை திறக்கிறது மாதிரி நாம நாள் பாத்துத் தொடங்கிற காரியத்துக்குத்தான் அது. பொங்கலுக்கு நாம நாள் பாக்கிறயா? சூரியன் மகரத்துக்குள்ள போறார், அது அவர்ட நாள், நாம பானைய வைக்கிறம். பட்டிப்பொங்கலுக்கு மாடு கரிநாள் பாக்காது.

தங்கச்சி, நம்மட நோன்புப் பெருநாள் ஒரு காலம் மாரியில வரும், ஒரு காலம் வெயிலுக்க வரும். உங்கட தீவாளி மட்டும் எப்பவும் மழைக்கு முன்னாலயே வருகுது. ரெண்டும் பிறையப் பாக்கிறதுதானே? பொங்கல் தேதி மட்டும் அசையிறதே இல்ல, அதென்ன?
பக்கத்து ஊர் நானா, சாய்ந்தமருது

நல்ல கேள்வி நானா, இதை நம்மட ஆக்கள் ஒருத்தரும் கேக்கயில்ல. பிறை 12 சுத்தினா 354 நாள், சூரியன் ஒரு சுத்துக்கு 365 நாள். நீங்க பிறைய மட்டும் பிடிச்சுக்கொண்டு போறீங்க, அதால பெருநாள் வருசத்துக்கு 11 நாள் அளவு முன்னுக்கு வந்து கிட்டத்தட்ட 33 வருசத்துல எல்லாப் போகத்தையும் ஒரு சுத்துச் சுத்திடும். நாங்க பிறையச் சூரியன்ட கட்டையில கட்டி வச்சிருக்கம், தீவாளி எண்டா ஐப்பசி மாசத்துத் தேய்பிறைச் சதுர்த்தசி, ஐப்பசி சூரிய மாசம், அதைத் தாண்டிப் போக ஏலாது. 11 நாள் 11 நாளாச் சேந்து மூணு வருசத்துக்குக் கிட்ட ஒரு பிறை மிஞ்சும், அப்ப ஒரு சூரிய மாசத்துக்குள்ளயே ரெண்டு அமாவாசை வந்து கணக்குத் தீரும். கயிறு கட்டின மாடு மாதிரி, மேயும், ஆனா வட்டைக்குள்ளதான் மேயும்.

பொங்கல் அசையாது எண்டு நினைக்காதீங்க, ஊருது. நம்மட வருசம் நட்சத்திரத்த வச்சு அளக்கிறது, இங்கிலீசு வருசத்தவிடச் சொட்டுக் கூட, 72 வருசத்துக்கு ஒரு நாள் அளவு தள்ளும். விவேகானந்தர் பிறந்தது ஒரு மகர சங்கராந்தி அண்டைக்கு, நம்மட தைப்பொங்கல்தான் அது, தேதி 1863 சனவரி 12. இப்ப பொங்கல் 14ல, சில வருசம் 15ல. காரைதீவுல 1892ல பிறந்த விபுலாநந்த அடிகள் துறவியாப் போய்ச் சேந்தது அந்த விவேகானந்தர் தொடங்கின மடத்துலதான் எண்டபடியால் எங்கட பக்கம் விவேகானந்தர்ட பிறந்தநாள் சனவரி 12 எண்டு சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அண்டைக்குப் பொங்கல் எண்டுதான் ஒருத்தருக்கும் தெரியாது. இன்னும் கனகாலம் போனா பொங்கல் பெப்ரவரியில விழும், அதுக்குள்ள நானும் நீங்களும் இருக்கமாட்டம். தீவாளிப் பலகாரம் இந்த முறையும் வரும், வட்டிலாப்பத்த மறந்திடாதீங்க.

கேதாரகௌரி விரதம் 21 நாள் எண்டாங்க, நான் எண்ணினா 20தான் வருகுது. ஒரு நாளக் கள்ளமாக் குறைச்சுப்போட்டனோ? நடுவுல துடக்கும் வந்திட்டா என்ன செய்யிற?
புதுசா விரதம் பிடிக்கிற வாசகி, வாழைச்சேனை

கள்ளம் ஒண்டுமில்ல பிள்ளை. புரட்டாசி வளர்பிறைத் தசமியில தொடங்கி அமாவாசை வரைக்கும் 21 திதி, தசமியில இருந்து பூரணை மட்டும் ஆறு, தேய்பிறை பதினைஞ்சு, எண்ணிப் பாருங்க. மேல சொன்ன மாதிரி திதி சிலது 19, 20 மணித்தியாலத்துல ஓடி முடிஞ்சா ஒரே நாளுக்குள்ள ரெண்டு திதி விழுந்திடும், அப்ப கலண்டர்ல நாள் 20, திதி 21. மாறி 22ம் வரும். காப்பு நூலுக்கு இழை எப்பவும் 21தான், அதைக் குறைக்காதீங்க.

துடக்கு வந்தா கோயிலுக்குள்ள போகாம வீட்டுல ஒரு நேரச் சாப்பாட்டோட இருங்க, காப்ப ஐயரிட்டச் சொல்லி வச்சு வாங்கலாம், தாயோ மச்சாளோ வாங்கித் தந்தாலும் சரி. 21 நாளும் ஏலாத ஆக்கள் கடைசி 9, 7, 3, இல்லாட்டிக் கடைசி நாள் மட்டும் பிடிக்கிறாங்க, நானே ஒரு வருசம் கடைசி நாள் மட்டும்தான் பிடிச்சன், அம்மாள் கோவிச்ச மாதிரித் தெரியல.

வெள்ளிக்கிழமை 10.45க்குக் கச்சேரியில, அதான் மாவட்டச் செயலகத்துல, இன்டர்வியூ. சரியா ராகுகாலம். கடுதாசி வந்த நாள்ல இருந்து அம்மா அழுகுறா. டேட் மாத்தித் தரச்சொல்லிக் கேக்கவா?
வேலை தேடுற பட்டதாரி, செங்கலடி

ஐயோ கேட்டுடாதீங்க மனே, மாத்தித் தரமாட்டாங்க, பேரைத்தான் வெட்டுவாங்க.

ராகுகாலம் எண்டது பகல எட்டாப் பிரிச்சு வாற ஒரு பங்கு. "திருநாள் சந்தடியில் வெளியில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா" எண்டு எங்களுக்குச் சின்னனுல பாடமாக்கித் தந்தாங்க, ஒவ்வொரு சொல்லுட முதல் எழுத்தும் ஒரு கிழமை நாள், திங்கள் ஏழரை, சனி ஒம்பது, வெள்ளி பத்தரை, புதன் பன்னெண்டு, வியாழன் ஒண்டரை, செவ்வாய் மூணு, ஞாயிறு நாலரை. இது காலம 6க்குச் சூரியன் உதிச்சு பின்னேரம் 6க்குப் படுற நாளுக்குத்தான் அச்சொட்டாச் சரி. மட்டக்களப்புல மே மாசம் 6 மணிக்கு முதலே உதிக்கும், தையில ஆறேகாலும் தாண்டிடும், அதால பத்தரை எண்டது சில மாசம் கொஞ்சம் முந்தியும் வரும், சில மாசம் பத்தே முக்காலுக்குக் கிட்டவும் போகும். அதைக் கணக்குப் பாத்துத் தப்பலாம் எண்டு நான் சொல்லவரயில்ல.

தொடக்கத்ததான் ராகுகாலத்துல விடப்படாது எண்டு பழைய ஆக்கள் சொல்றது. உங்கட தொடக்கம் இன்டர்வியூ அறைக் கதவு இல்ல, வீட்டுப் படலை. விடிய எழும்பிக் குளிச்சு, நிறைகுடம் வச்ச விளக்கடியில அம்மாட கையால திருநீறு பூசி, எட்டு மணிக்குள்ள படலையத் தாண்டிடுங்க, அதோட காரியம் தொடங்கியாச்சு எண்டு அம்மாக்கும் சொல்லுங்க, நான் எழுதினது எண்டு இந்தப் பக்கத்தையும் காட்டுங்க. எட்டுக்கு வெளிக்கிட்டா இன்னொரு லாபமும் இருக்கு, செங்கலடியில இருந்து வாற பஸ் ஏறாவூர்ல ஆள் ஏத்தி ஏத்தி நிண்டு வந்தாலும் பத்துக்கு முதல் டவுன்ல நிப்பீங்க. சேட்டிபிக்கட் ஒறிஜினல எடுத்து வையுங்க, ஃபொட்டோக் கொப்பி ரெண்டு செட்.